நாவலடியிலிருந்து திராய்மடு வரை

மட்டக்களப்புக்குச் செல்வோர் முதலில் விசாரிப்பது பாடும் மீன்களைப் பற்றியே. பூரணை இரவிலே கல்லடிப் பாலத்தின் அருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரிலும் மறு நுனியைச் செவியிலும் வைத்துக் கேட்பின், வாவியின் ஆழத்திலிருந்து நரம்பை மீட்டியது போன்ற ஓசை எழும் என்பர். நாமும் எம்முடன் வந்த மாணவர் இருவரும் கல்லடிக்குச் சென்றது பகற்பொழுதில். அதுவும் மீன்களின் இசையைக் கேட்பதற்கன்று. ஓர் ஊர் அழிந்துபோன பின்னர் அவ்வூர் மக்கள் எவ்வாறு மீண்டும் ஓர் ஊராகின்றனர் என்பதை நேரிற் கண்டறியும் ஆவலே எம்மை அங்கு அழைத்துச் சென்றது.

கல்லடியிலே இப்பொழுது இரண்டு பாலங்கள் உள. 1924 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட பழைய இரும்புப் பாலம் அன்றைய தேசாதிபதியின் மனைவியார் பெயரால் மனிங் சீமாட்டி பாலம் என வழங்கியது. 2013 இல் அதன் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டது. ஓடியாடி உழைத்து ஓய்ந்த முதியவரைப் போலப் பழைய பாலம் புதியதன் பக்கத்தில் அமைதியாக நிற்கின்றது. பாலத்தைக் கடந்து கல்லடி உப்போடையை அடைந்தால், இராமகிருஷ்ண மிஷன் நிலையமும் சிவானந்த வித்தியாலயமும் எம்மை வரவேற்கின்றன. 1947 இல் மறைந்த விபுலானந்த அடிகளாரின் சமாதி அங்கேதான் உளது. மாணவர் இருவரும் அதன் முன் சிறிது நேரம் கைகூப்பி நின்றனர்.

அங்கிருந்து கிழக்கே நடந்தால் கடல் வெகு தூரத்தில் இல்லை. கரையோரத்திலே திருச்செந்தூர் முருகன் ஆலயம் உளது. 2004 ஆம் ஆண்டுக் கடல் மோதியபோது இவ்வாலயத்தின் சிறிய கோபுரம் விழுந்துவிடவில்லை. ஒரு புறமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. சாய்ந்த அக்கோபுரத்தைப் பின்னர் பல ஆண்டுகளாக உள்ளூரவரும் வெளியூரவரும் கண்டு வியந்தனர். விழவும் இல்லை, நேராக நிற்கவும் இல்லை. கரையோர மக்களின் நிலையும் அந்நாளில் அதுவாகவே இருந்தது.

அலை வந்த காலை

கல்லடியிலிருந்து கரையோரமாக வடக்கு நோக்கிச் சென்றால் முதலில் வருவது டச்பார். போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்த இடம் இது. தச்சு வேலையிலும் இரும்பு வேலையிலும் வல்லவர்களாகிய இவர்கள், நானூறு ஆண்டுகளுக்கு முன் வந்த தம் முன்னோரின் மொழியை இன்னும் வீட்டிலே சிறிது பேசுவர். கலியாண வீடுகளிலே 'கப்ரிஞ்ஞா' ஆடுவர். டச்பாரைக் கடந்து மேலும் வடக்கே போனால், ஒரு புறம் வங்காள விரிகுடாவும் மறு புறம் வாவியும் சூழ்ந்த ஒடுங்கிய மணற்றிட்டு ஒன்று நீண்டு செல்கின்றது. அதுவே நாவலடி. அதன் முனையிலே வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரம் உளது. நீருக்கு அப்பால், பாலமீன்மடுவிலே, 1913 இல் கட்டப்பட்ட வெளிச்சவீடு வெண்ணிறமாய் உயர்ந்து தோன்றுகின்றது.

அழகிலே இதற்கு ஒப்பான இடம் கிழக்கிலங்கையில் அரிது எனலாம். ஆயின், இவ்வழகே நாவலடிக்கு ஆபத்தாகவும் முடிந்தது.

2004 டிசெம்பர் 26. நத்தாருக்கு மறுநாள்; ஞாயிற்றுக்கிழமை; மார்கழிப் பூரணை. அன்று காலை ஏழு மணியளவில் சுமாத்திராத் தீவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், கடலடியிலே 1,200 கிலோ மீற்றருக்கு மேற்பட்ட நீளத்துக்குப் புவியோடு பிளந்து பெயர்ந்தது. 9.1 அளவுடைய அந்த நிலநடுக்கத்தினால் கடலடித்தளம் உயர, அதன் மேலிருந்த நீர் முழுவதும் அசைந்தது. ஆழ்கடலிலே இவ்வலை ஓர் ஆகாய விமானத்தின் வேகத்திற் செல்லும். ஆயினும் அங்கே அதன் உயரம் சிறிதாகையால் கப்பலிலிருப்போர் அதனை உணரார். கரையை அணுகி ஆழம் குறையக் குறையவே வேகம் தணிந்து, நீர் மதிலென எழும். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் அவ்வலை எமது கிழக்குக் கரையை வந்தடைந்தது. அந்த இரண்டு மணி நேரத்திலே கரையில் வாழ்ந்த ஒருவருக்கேனும் ஓர் எச்சரிக்கைச் சொல் எட்டவில்லை.

இந்து சமுத்திர நாடுகளிலே 220,000 பேருக்கு மேல் மாண்டனர். இலங்கையில் மாண்டோரும் காணாமற் போனோருமாக 35,000 பேருக்கு மேல். அம்பாறை மாவட்டத்தின் இழப்பே யாவற்றிலும் பெரிது. நாவலடியிலோ, கடலுக்கு அஞ்சி ஓடியவர்களின் முன்னே வாவி கிடந்தது. கடல் திட்டைக் கடந்து வாவியிலே போய் விழுந்தது. வீடுகள் இருந்த இடத்திலே அத்திவாரங்களே எஞ்சின. கரையெங்கும் மாண்டவர்களிற் பெண்களும் சிறுவருமே மிகுதி. நீந்தத் தெரியாமையும், இடுப்பிலும் கையிலும் பிள்ளைகளைச் சுமந்தமையும், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வீட்டிலேயே இருந்தமையும் அவர்களுக்கு எமனாயின.

நாவலடியிலே மாண்டோரின் நினைவுத் தூபி ஒன்று எழுப்பப்பட்டுள்ளது. அங்கே நாம் நின்றபோது எம்முடன் வந்த மாணவர்களுள் இளையவன், பொறிக்கப்பட்டிருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினான். சிறிது நேரத்தில் நிறுத்திவிட்டான். "ஒரே குடும்பத்துப் பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன," என்று மட்டும் சொன்னான்.

நூலில் இருந்த சொல்

அத்தூபியின் அருகே நிற்கையில் எமது மனத்தில் ஒரு வினா எழுந்தது. தமிழருக்குக் கடலின் இச்சீற்றம் புதியதா? அன்று. 'கடல்கோள்' என்ற சொல் எமது மொழியிலே மிகப் பழமையானது. கபாடபுரத்தைக் கடல் கொண்டது என்று இறையனார் களவியல் உரை கூறும். காவிரிப்பூம்பட்டினம் கடலுள் ஆழ்ந்ததை மணிமேகலை கூறும். பள்ளி மாணவரும் இவற்றைப் பரீட்சைக்காகப் படித்திருப்பர். ஆயினும் அன்று கரையிலே நின்றவர்கள், கடல் பின்வாங்கி மணல் வெளிப்பட்ட இடங்களிலே, அந்த அதிசயத்தைக் காணக் கடலை நோக்கியே நடந்தனர். சொல் நூலிலே இருந்தது, கரையிலே இருக்கவில்லை.

இதற்கு நேர் மாறான ஒரு கதையை அதே அலை எழுதிச் சென்றது. நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அணித்தாகச் சிமெலுவே என்னும் தீவு இந்தோனேசியாவில் உளது. அங்கே 1907 ஆம் ஆண்டிலே ஒரு பேரலை வந்து பெருந்தொகையானோரைக் கொன்றது. அன்று தப்பியவர்கள் அதற்கு 'ஸ்மோங்' எனப் பெயரிட்டு, நிலம் பலமாக நடுங்கிக் கடல் பின்வாங்குமாயின் மலைக்கு ஓடுக என்று தம் பிள்ளைகளுக்குக் கதையாகவும் தாலாட்டாகவும் சொல்லி வைத்தனர். தொண்ணூற்றேழு ஆண்டுகள் கழிந்தன. 2004 இல் நிலம் நடுங்கியதும் 'ஸ்மோங், ஸ்மோங்' என்று கூவிக்கொண்டு அத்தீவு மக்கள் மேட்டு நிலத்துக்கு ஓடினர். ஏறக்குறைய 78,000 பேர் வாழ்ந்த அத்தீவிலே மாண்டவர் எழுவர் மாத்திரமே. அவர்களிடம் கருவி எதுவும் இருக்கவில்லை, பாட்டிமார் இருந்தனர்.

வீடும் ஊரும்

நாவலடி மக்களிற் பிழைத்தவர்கள் முதலில் பாடசாலைகளிலும் கூடாரங்களிலும் தங்கினர். கடலிலிருந்து வடக்குக் கிழக்கிலே 200 மீற்றர் தூரத்துக்கும் தெற்கிலே 100 மீற்றர் தூரத்துக்கும் எவரும் வீடு கட்டலாகாது என அரசாங்கம் அறிவித்தது. இவ்விதி பின்னர் தளர்த்தப்பட்டதாயினும், அதற்குள் பெருந்தொகையான குடும்பங்கள் உட்பகுதிக்கு அனுப்பப்பட்டுவிட்டன. டச்பார்ப் பறங்கியர் பலர் பனிச்சையடிக்குச் சென்றனர். நாவலடி மக்களுக்குக் கிடைத்த இடம் நகரின் வடபாலுள்ள திராய்மடு.

நாமும் அங்கு சென்றோம். வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு பகுதிகளிலே வெவ்வேறு அமைப்பிற் கட்டிக் கொடுத்த வீடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. நிலம் தாழ்ந்தது, மாரியிலே நீர் தேங்கும். கடலை நம்பி வாழ்வோருக்குக் கடலின் ஓசையே கேட்காத இடம். ஆயினும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டமையால் வேலியோரங்களிலே முருங்கையும் மாவும் வளர்ந்து, தெருக்களுக்கு ஓரளவு நிழல் கிடைத்திருக்கின்றது.

ஒரு முற்றத்திலே ஓலை பின்னிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் எமக்குப் பாய் விரித்து, தேநீரும் தந்தார். வயது எழுபதைக் கடந்திருக்கும். தம் மகளையும் இரண்டு பேரப்பிள்ளைகளையும் அன்று கடலுக்குக் கொடுத்தவர். தப்பியது இரண்டு வயதுப் பேத்தி ஒருத்தி. வீடு எப்படியிருக்கின்றது என்று நாம் கேட்டோம்.

"ஊடு தந்தாங்க புள்ளைகள், இல்லெண்டு சொல்லப்படாது. கல்லூடு, ஓட்டூடு. ஆனா ஊரத் தரல்லையே," என்றார் ஆச்சி.

அவர் கூறியதன் பொருளை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், மட்டக்களப்பின் வழமையை வாசகர்கள் அறிதல் வேண்டும். இங்கே குடி தாய்வழியே வரும். பெண்ணுக்குக் கலியாணம் பேசுமுன் பெற்றோர் அவளுக்கென ஒரு வீட்டைச் சீதனமாகக் கட்டுவர்; அல்லது தாம் இருக்கும் வீட்டையே அவளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவிலோ அண்மையிலோ சிறியதொரு வீட்டுக்கு மாறுவர். மணமகன் மனைவியின் வீட்டுக்கே வருவான். ஆகவே அக்காள், தங்கை, பெரியம்மா, சின்னம்மா ஆகியோரின் வீடுகள் ஒரே ஒழுங்கையிலே பக்கம் பக்கமாக அமைகின்றன. காத்தான்குடி, மருதமுனை முதலிய ஊர்களில் வாழும் முஸ்லிம் மக்களிடத்தும் இவ்வழக்கம் உண்டு. பிள்ளை அழுதால் எடுப்பதற்கு ஒரு கையும், நோய் வந்தால் கஞ்சி வைப்பதற்கு ஒரு கையும், கணவன் கடலிலிருந்து வரத் தாமதித்தால் கூட இருப்பதற்கு ஒரு துணையும் வேலிக்கு அப்பாலே எப்பொழுதும் இருந்தன. எந்த நிறுவனமும் கணக்கிலெழுதாத செல்வம் இது.

"நாவலடியில எங்கட அக்காட ஊட்டில ஆணம் கொதிச்சா எனக்கு மணக்கும். இஞ்ச வந்து மூணு மாசமா அடுத்த ஊட்டில ஆரு இருக்காங்க எண்டும் தெரியா. அக்காட மக்கள் அங்கால எங்கயோ ஒரு பக்கம்," என்று கையை நீட்டிக் காட்டினார் ஆச்சி.

வீடு கட்டிக் கொடுத்தவர்கள் கொடியவர்கள் அல்லர். அவர்களிடம் ஒரு பெயர்ப்பட்டியல் இருந்தது. அதன்படி வீடுகளைக் கொடுத்தனர். பட்டியலிலே உறவு எழுதப்படுவதில்லை. மேலும், பத்திரங்களிலே 'குடும்பத் தலைவர்' என்று ஓர் இடம் இருந்தது; அங்கே பெரும்பாலும் ஆணின் பெயரே எழுதப்பட்டது. எத்தனையோ தலைமுறைகளாகப் பெண்ணின் பெயரிலே இருந்த வீடு, இவ்வாறு ஒரு பேனா முனையால் ஆணின் பெயருக்கு மாறிற்று. மட்டக்களப்பிலே பெண்கள் அமைப்புக்கள் ஒன்றுகூடி, முகாம்களிலுள்ள பெண்களின் இடர்களையும் இக்காணி உரிமையையும் அந்நாளிலேயே எடுத்துரைத்தன. ஆராய்ச்சியாளரும் எழுதினர். ஆயினும் பல வீடுகள் அதற்கு முன்னரே எழுதப்பட்டுவிட்டன.

ஆச்சியின் வீடும் மருமகனின் பெயரிலேயே எழுதப்பட்டது. மனைவியை இழந்த அவர் சில ஆண்டுகளின் பின் மறுமணம் செய்து வேறு ஊருக்குச் சென்றார். தாயில்லாப் பேத்தியும் ஆச்சியும் வீட்டிலே இருந்தனர், வீடோ அவர்களுடையதன்று. பேத்தி வளர்ந்து கலியாணப் பேச்சு எழுந்தபோது, முதற் கேள்வி அதுவாகவே இருந்தது: "வீடு யாருடைய பெயரில்?"

கோபேயும் யமகோஷியும்

ஆச்சியின் கதை எமது கிழக்குக் கரைக்கு மாத்திரம் உரியதன்று. செல்வத்திலும் பொறியியலிலும் சிறந்த யப்பானும் இதனை அனுபவித்தே கற்றது. 1995 ஜனவரி 17 இல் கோபே நகரத்தை நிலநடுக்கம் தாக்கி 6,400 பேருக்கு மேல் மாண்டனர். வீடிழந்தோருக்கு அரசாங்கம் விரைவாகத் தற்காலிக வீடுகளைக் கட்டியது. முதியோருக்கும் வலுவற்றோருக்கும் முதலிடம் கொடுத்து, சீட்டுக் குலுக்கி வீடுகளை வழங்கியது. நோக்கம் நன்று, நேர்மையும் உண்டு. ஆனால் நாற்பது ஆண்டுகள் அயலிலே வாழ்ந்தவர்கள் நகரின் நாலா புறமும் சிதறினர். அறிமுகமற்றோர் நடுவே முதியவர்கள் தனித்து, எவரும் அறியாமலே இறந்து கிடந்தனர். தற்காலிக வீடுகளில் இவ்வாறு தனித்து இறந்தவர்கள் 200 பேருக்கு மேல் எனக் கணக்கிட்டனர். நிலநடுக்கம் கொல்லாதவர்களைத் தனிமை கொன்றது.

2004 ஒக்டோபர் 23 இல், எமது கரையை அலை தாக்குவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், நீகாத்தா மாகாணத்திலே மீண்டும் நிலம் நடுங்கிற்று. யமகோஷி என்னும் மலைக்கிராமம் முழுவதும் வெளியேற நேர்ந்தது. ஏறக்குறைய 2,200 பேர். இம்முறை சீட்டுக் குலுக்கவில்லை. எந்தக் குக்கிராமத்தார் எவரோடு வாழ்ந்தனரோ அவ்வாறே தற்காலிக வீடுகளிலும் அவர்களை அயலவராகவே குடியேற்றினர். அவர்களிற் பெரும் பகுதியினர் சில ஆண்டுகளில் மலைக்குத் திரும்பித் தம் வயல்களைத் திருத்தினர். கோபேயிலும் யமகோஷியிலும் கொடுத்த வீடுகள் ஏறக்குறைய ஒரே வகை. வேறுபாடு பக்கத்து வீட்டிலே இருந்தது.

தாமே பின்னிய வலை

திராய்மடு மக்கள் சிதறியவர்களாகவே இருந்துவிட்டனரா? இல்லை. அவர்களுக்கு முன்னரும் இம்மண் அழிவைக் கண்டது. 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் 900 பேருக்கு மேல் மாண்டனர். தென்னந்தோட்டங்கள் பாய் போலப் படுத்தன. அன்று கூரையிழந்தவர்கள் கூரை உள்ளவர் வீட்டிலே மாதக்கணக்காக உண்டு உறங்கியதை முதியோர் இன்றும் கூறுவர். அதன் பின் நீண்ட போர் வந்தது. போரினால் வாடிய சிறுவர்களுக்கென 1996 இல் மட்டக்களப்பு நகரிலே வண்ணத்துப்பூச்சிப் பூங்கா ஒன்று தொடங்கப்பட்டது. விளையாட்டாலும் கதையாலும் களிமண்ணாலும் பிள்ளைகளின் மனப்புண்ணை ஆற்ற முயன்ற அந்த அனுபவம், கடலின் பின்னும் வீண்போகவில்லை.

நாவலடிக் கடற்கரையிலே கடலாச்சி அம்மன் கோயில் உளது. ஊர் திராய்மடுவுக்குப் போய்விட்டது, அம்மன் போகவில்லை. ஆகவே சடங்குக் காலத்திலே மக்கள் அம்மனிடம் திரும்பி வருகின்றனர். பொங்கலுக்கு விறகு கொண்டு வருவது யார், பந்தல் போடுவது யார், அன்னதானத்துக்கு அரிசி சேர்ப்பது யார் என்று கூடிப் பேசுகையில், வெவ்வேறு பகுதிகளிலே சிதறியிருந்த அக்காள் மக்களும் தங்கை மக்களும் மீண்டும் ஒரே ஊராராயினர். பிள்ளைகளைக் கொன்ற கடலின் முன்னே அக்கடலின் பெயர் பூண்ட தாயைக் கும்பிடுதல் எங்ஙனம் இயலும் என்று நாம் ஆச்சியைக் கேட்டோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "கோவிச்சுக்கொண்டு இருந்தன், மூணு வருசம் போகல்ல. பிறகு பாத்தா, எல்லாரும் அங்கதான் நிக்காங்க. நான் மட்டும் தனிய இருந்து என்ன செய்யிற?" என்றார்.

மீன்பிடியும் அவ்வாறே. அழிவின் பின்னர் கொடையாளர்கள் போட்டியிட்டுச் சிறு படகுகளைக் கொடுத்தனர். இலங்கைக் கரையின் பல இடங்களிலே இழந்தவற்றிலும் மிகுதியான படகுகள் வந்து குவிந்தன. அவற்றுட் சில கடலுக்கு உதவாதவை. தனியொருவருக்குப் படகு கொடுத்தல் எளிது, படமும் பிடிக்கலாம். ஆனால் கரைவலையோ ஒருவரால் இழுக்கப்படுவதன்று. தோணியிற் சென்று வலையை வளைத்து வருவோர் சிலர்; இரு புறமும் கயிறு பிடித்து இழுப்போர் பலர். அம்பாப் பாடலின் தாளத்துக்கு எல்லாக் கைகளும் ஒன்றாக அசைய வேண்டும். கிடைத்த மீனை எல்லோருக்கும் பங்கிட வேண்டும். முகத்துவாரக் கரையிலே நாம் சந்தித்த மீனவர் ஒருவர், "தோணியும் வலையும் காசுக்கு வாங்கலாம் ஐயா. கயிறு புடிக்கிற ஆக்கள எங்க வாங்கிற?" என்று கேட்டார். தினமும் விடியுமுன் திராய்மடுவிலிருந்து சைக்கிளிலே வருபவர் அவர்.

ஆச்சியின் வீட்டுச் சிக்கலும் இத்தகைய கயிற்றினாலேயே அவிழ்ந்தது. குடிப் பெரியவர்களும் கோயில் வண்ணக்கரும் மருமகனின் ஊருக்கே சென்று பேசினர். முதன்முறை அவர் இசையவில்லை. மற்றொரு குடும்பமும் பிள்ளைகளும் அவருக்கு இருந்தன. அவர்களுக்கும் வீடு வேண்டும். மூன்றாம் முறை ஆச்சி தாமே போனார். வழக்குப் பேசவில்லையாம், இறந்த மகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையிலே இருந்தாராம். இறுதியில் அவர் இணங்கி, தமக்குப் பின் அவ்வீட்டுக்கு உரித்துடையவளாக மூத்த மனைவியின் மகளைப் பத்திரத்திலே பதிவித்தார். கந்தோருக்குப் பல முறை அலைந்த பின்பே அது நிறைவேறியது. ஒரு பத்திரத்தின் பிழையைத் திருத்துவதற்கு ஓர் ஊர் முழுவதும் நடக்க வேண்டியிருந்தது. நடப்பதற்கு ஓர் ஊர் இருந்தமையாலேயே அது திருந்திற்று.

மலையிலே இன்று

திராய்மடுவை விட்டுப் புறப்படுமுன் எம்முடன் வந்த மாணவர்களுள் மூத்தவன் கேட்டான்: "இருபது ஆண்டுகளுக்கு முந்திய கதையை இப்பொழுது ஏன் எழுதவேண்டும்?" நியாயமான கேள்வியே.

2025 நவம்பர் இறுதியிலே 'டித்வா' புயல் எமது நாட்டைத் தாக்கியது. மலைநாட்டின் மண்சரிவுகளாலும் தாழ்நிலங்களின் வெள்ளத்தாலும் 600 பேருக்கு மேல் மாண்டனர். கடலோர மக்களுக்கு அன்று நேர்ந்தது மலையோர மக்களுக்கு நேர்ந்தது. சரியும் மலையடியில் வாழ்வோரை ஆபத்தில்லாத இடத்துக்கு மாற்றுதல் அவசியமே. ஆனால் அங்கும் ஒரு பெயர்ப்பட்டியல் எழுதப்படும்; 'குடும்பத் தலைவர்' என்று ஓர் இடம் விடப்படும். கோயிலும் கொழுந்து நிறுக்கும் இடமும் ஒன்றாகக் கொண்டு, தலைமுறை தலைமுறையாக ஒரே லயத்திலே சுவரோடு சுவராக வாழ்ந்தவர்களை எங்கே, எவருக்குப் பக்கத்தில் குடியேற்றுவது என்பதை அவர்களையே கேட்டல் வேண்டும். வீட்டின் அளவைத் தீர்மானிக்குமுன் அயலைத் தீர்மானித்தல் வேண்டும். திராய்மடு இருபது ஆண்டுகள் பட்டுக் கற்ற பாடத்தை மலை மீண்டும் முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை.

அரசாங்கமும் சில பாடங்களைக் கற்றது உண்மையே. 2005 ஆம் ஆண்டின் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. கரையோரமெங்கும் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. ஆண்டுதோறும் டிசெம்பர் 26 இல் நாடு முழுவதும் இரண்டு நிமிடம் மௌனம் காக்கப்படுகின்றது. 2012 ஏப்பிரல் 11 இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவுடைய நிலநடுக்கம் நிகழ்ந்தபோது எச்சரிக்கை விடுக்கப்பட்டு, கரையோர மக்கள் விரைந்து உட்பகுதிக்குச் சென்றனர். பேரலை வரவில்லை. வீணாக ஓடினோமே என்று எவரும் வருந்தத் தேவையில்லை; ஓடக் கற்ற நாள் அது.

விடைபெறும் வேளையில் ஆச்சியின் பேத்தி பணியிலிருந்து திரும்பினாள். முன்பள்ளி ஆசிரியை அவள். மறுநாட் காலை தன் பள்ளிக்கு வருமாறு எம்மை அழைத்தாள். நாம் சென்றபோது இருபது சின்னஞ்சிறார்கள் வட்டமாக நின்று கைதட்டி விளையாடிக்கொண்டிருந்தனர். கடலாக ஒரு பிள்ளை பின்னே பின்னே நடந்தது. உடனே ஏனைய பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு, மறு திசையிலுள்ள மேட்டை நோக்கி ஓடினர். ஒரு சிறுமி மட்டும் பாதி வழியிலே நின்று திரும்பிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுத் தோழன் இன்னும் கீழேயே நின்றான். ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள்.

"இந்த விளையாட்டை யார் சொல்லித் தந்தார்கள்?" என்று ஆசிரியையைக் கேட்டோம்.

"எங்கட அம்மம்மாதான்," என்றாள் அவள்.